பெருமாயி வளர்த்த ஈக்கள்

கொடைக்கானலுக்கு வருகிற ஜனம் ஏரியைச் சுற்றும், தூண் பாறைக்குப் போய் வெறும் பனியைப் பார்த்து ஏமாறும், பிளம்ஸ் பழத்தைத் தின்றுகொண்டே பஸ் ஏறும். செண்பகனூர்ச் சாலையில் தகரக் கூரை போட்ட ஒரு பங்களாவில் நானூறு பாட்டிலில் ஈ வளர்க்கிறார்கள் என்று சொன்னால் எவன் நம்புவான்? ஊர்க்காரனே நம்பவில்லை. ‘ஈ பங்களா’ என்று பெயர் வைத்தார்கள். பஜாரில் என்னைக் கண்டால் போதும், "என்ன ஜலீல் பாய், ஊரெல்லாம் ஈயை அடிக்கச் சம்பளம், உங்களுக்கு மட்டும் வளக்கச் சம்பளமா?" என்று பல்லைக் காட்டுவார்கள். நான் அங்கே ஸ்டோர் கிளார்க். பிள்ளை குட்டிக்காரன். சிரித்து வைத்துவிட்டு நடப்பேன்.

அது வீட்டு ஈ அல்ல. அழுகின வாழைப்பழத்தில் மொய்க்குமே, எள்ளளவில் சிவப்புக் கண்ணோடு, அந்தப் பழ ஈ. கீழே சமவெளியில் ஒரு கல்லூரியில் சேனாதிபதி என்று ஒருவர் இருந்தார். ஊசி போடுகிற டாக்டர் அல்ல, படித்து வாங்கின டாக்டர். அப்பனுக்கு இருப்பது பிள்ளைக்கு எப்படி வருகிறது என்பதை ஈயை வைத்துப் பார்க்கிறவர். கீழே வெயிலில் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தலைமுறை பிறந்து தொலைக்கும். பாட்டில் மாற்றி மாற்றி மாளாது. மலைக் குளிரில் அதுவே ஒரு மாதம் இழுக்கும். ஏ.சி. போட வக்கில்லாத கல்லூரி, ஓசிக் குளிருக்காக ஈயை மலை ஏற்றியது. அவ்வளவுதான் சங்கதி.

நான் சொல்ல வந்தது அந்த ஈக்களை வளர்த்த பெருமாயியைப் பற்றி. சொல்லி முடிப்பதற்குள் எனக்கு எத்தனை தடவை வயிறு எரியப் போகிறதோ, தெரியாது.

பெருமாயி இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். லயம் என்கிற கூலி வரிசை வீட்டில் வளர்ந்து, பன்னிரண்டு வயதில் கூடையை முதுகில் மாட்டி, கொழுந்து கிள்ளப் போனவள். இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, ‘நீங்கள் எல்லாம் இந்தியாக்காரர்கள், போங்கள்’ என்று கப்பல் ஏற்றியதில், எழுபத்தைந்தில் புருஷன் மாயாண்டியோடும் மகள் இராசாத்தியோடும் மண்டபம் முகாமில் வந்து விழுந்தாள். பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. அங்கே ஒரு ஏஜெண்டு வந்து, "கொடைக்கானல்ல தோட்ட வேலை, உங்க ஊரு மாதிரியே குளுரு" என்று லாரியில் ஏற்றினான். குளிர் மட்டும் உண்மை. கொண்டுபோய்த் தள்ளியது கவுஞ்சிக்கு மேலே ஒரு கூப்பில். கூப்பு என்றால் காட்டுக்குள் மரம் வெட்டுகிற முகாம். வாட்டில் மரத்தை வெட்டிச் சாய்த்துப் பட்டை உரித்துக் கட்டுக் கட்ட வேண்டும். தோல் பதனிடுகிற கம்பெனிகளுக்கு அந்தப் பட்டை போகும். உள்ளே போனவர்கள் வெளியே வர முடியாது. தப்பி ஓடினவனைப் பிடித்துக் கொண்டுவந்து மரத்தில் கட்டிவைத்து உரிப்பார்கள். மேஸ்திரி குழந்தைவேல் என்று ஒருவன். குழந்தையாம், வேலாம்! பேர் வைத்தவன் வாயில் மண்ணைப் போட வேண்டும்.

இரண்டாவது வருஷம் மாயாண்டி மேல் மரம் சரிந்தது. இடுப்புக்குக் கீழே செத்துப்போய்க் கிடந்தான், வாய் மட்டும் தண்ணீர் கேட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி நின்றுகொண்டுதான் இருந்தது. "லோடு நெறையட்டும், அரை லோடுக்கு எவன் டீசல் போடுவான்?" என்றான் குழந்தைவேல். மூன்றாம் நாள் லோடு நிறைந்தது. பட்டைக் கட்டுகளின் மேல் மாயாண்டியையும் கிடத்தி அனுப்பினார்கள். பூம்பாறை வருவதற்கு முன்பே உயிர் போயிருந்தது.

எழுபத்தெட்டில் டாக்டர் காட்டு ஈ பிடிக்க அந்தக் கூப்புக்குப் போனார். கூடப் போனவன் நான். வாழைப்பழத்தை நசுக்கி மரத்துக்கு மரம் தொங்கவிட்டுக் காத்திருந்த நேரத்தில், ஒருத்தி ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவதை அவர் பார்த்தார். கண் ஒருபக்கம் இருக்க, விரல் தன்பாட்டுக்குப் பொறுக்கியது. டாக்டர் ஒரு வெள்ளை ஓட்டில் செத்த ஈ ஐம்பதைக் கொட்டி, லென்ஸைக் கையில் கொடுத்து, "வயித்து நுனி கறுத்திருந்தா ஆண், இல்லாட்டி பெண்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் பீடி பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் பிரித்து வைத்துவிட்டாள். ஒன்று கூடத் தப்பில்லை.

காட்டிலாகா ரேஞ்சர் டாக்டருக்குப் பள்ளிக்கூடத் தோழன். அதனால் குழந்தைவேல் பல்லை இளித்துக்கொண்டு, "கூட்டிட்டுப் போங்க சார், ஒரு பொம்பளை கொறைஞ்சா எனக்கென்ன?" என்றான். பெருமாயியும் எட்டு வயது இராசாத்தியும் ஜீப்பில் ஏறினார்கள். பங்களாவுக்குப் பின்னால் விறகு போட்டிருந்த அறையைக் காலி செய்து கொடுத்தோம். இராசாத்தி பள்ளிக்கூடம் போனாள். முதல் நாள் சிலேட்டோடு திரும்பி வந்த பிள்ளையைப் பார்த்துப் பெருமாயி அழுத அழுகை இருக்கிறதே, என் சம்சாரம் நஜீமா ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறு மாதத்தில் நானூறு பாட்டிலும் அவள் கைக்குள் வந்துவிட்டது. மக்காச்சோள மாவும் கருப்பட்டியும் கடல்பாசியும் சேர்த்துக் களி காய்ச்சுவாள். பாட்டிலில் ஊற்றி ஆறவிட்டு, ஈயை உள்ளே விட்டுப் பஞ்சால் வாயை அடைப்பாள். ஈதர் காட்டி மயக்கி, வெள்ளை ஓட்டில் கொட்டி, கோழி இறகால் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். வேண்டாதது மண்ணெண்ணெய்க் குப்பிக்குள் போகும். ஒரு நாளைக்கு ஐந்நூறு, ஆயிரம் சாகும். "எனக்கு நரகந்தான் பாயி" என்று சொல்லிக்கொண்டே தட்டிவிடுவாள்.

அவளுக்கு இருந்த ஒரே பயம் கூப்பு. அந்த வார்த்தையைக் கேட்டாலே முகம் வெளுத்துவிடும். டாக்டருக்கு அது நன்றாகத் தெரியும். பாட்டில் ஒன்று உடைந்தாலும், ஒரு களி பூசணம் பிடித்தாலும், "என்ன பெருமாயி, கூப்புக்குப் போக ஆசையா இருக்கா?" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

எண்பத்தொன்றில் ஒரு நாள் காலை, டாக்டர் மேலே வந்திருந்த சமயம், ஓட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "தொரை, இங்க பாருங்க. இதுக்குத் தலையில காலு மொளைச்சிருக்கு."

டாக்டர் லென்ஸை வைத்துப் பார்த்தார். நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்து நின்றார். மறுபடி பார்த்தார். ஈயின் நெற்றியில் இரண்டு மீசை இருக்கும், மோப்பம் பிடிக்க. அந்த ஈக்கு மீசை முளைக்க வேண்டிய இடத்தில் இரண்டு குட்டிக் கால்கள், நகத்தோடு. வெளிநாட்டில் இந்த மாதிரி ஈ உண்டாம். நம் மலையில் நம் கையால் கிடைத்தது அதுதான் முதல் தடவையாம். மனுஷர் குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே!

நானும் பெருமாயியும் மலங்க மலங்க விழித்து நின்றதைப் பார்த்து அவரே சொன்னார்: "கால் செய்யிற விவரம் ஈயோட ஒடம்பு பூரா, எல்லா எடத்துலயும் எழுதித்தான் இருக்கு. தலையில மட்டும், ‘இங்க கால் வேண்டாம், மீசை போதும்’னு நிறுத்தி வைக்கிற ஒரு சுவிட்ச் இருக்கு. இதுக்கு அந்த சுவிட்ச் கெட்டுப் போச்சு."

"பாவம் தொரை, தன் மூஞ்சியில தானே ஒதைச்சுக்குதே" என்றாள் பெருமாயி. டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான் சிரித்தேன்.

அந்த ஒற்றை ஈயை வைத்து அண்ணன் தங்கையாகக் கூட்டிச் சேர்த்து, பிறப்பதெல்லாம் தலையில் காலோடு பிறக்கிற ஒரு வம்சத்தை ஐந்தாறு மாதத்தில் உண்டாக்கினார்கள். ‘உண்டாக்கினார்கள்’ என்ன! பெருமாயிதான் உண்டாக்கினாள். டாக்டர் கட்டுரை எழுதினார், டெல்லிக்குப் போனார், கல்கத்தாவுக்குப் போனார். மலைக்கு வருவது குறைந்தது, பிறகு நின்றே போனது. கடைசியாக வந்தபோது அவளைக் கூப்பிட்டு, "மாசம் ஒரு தடவை பத்து சோடி எடுத்துப் புதுப் பாட்டில்ல போடு. மத்தது எது செத்தாலும் பரவாயில்லை, இந்த வம்சம் மட்டும் சாகக் கூடாது. செத்துச்சுன்னா நீயும் ஒன் மகளும் கூப்புக்குத்தான்" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பத்து சோடி. எந்தப் பத்து என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நான் எதற்குக் கேட்கப் போகிறேன்?

தலைக்கால் ஈ பிழைக்கத் தெரியாத ஜென்மம். நடக்கும்போது நெற்றிக்கால் ஈரக் களியில் ஒட்டிக்கொள்ளும். உருவத் தெரியாமல் அப்படியே மூக்குக் குப்புறச் செத்துக் கிடக்கும். முட்டையும் கொஞ்சம்தான். அந்த மார்கழிக் குளிரில் பாட்டில் பாட்டிலாகச் செத்து, கடைசியில் ஆறே ஆறு ஈ மிஞ்சியது. பெருமாயி அந்தப் பாட்டிலைச் சேலைக்குள் வைத்து வயிற்றுச் சூட்டில் கட்டிக்கொண்டு திரிந்தாள். பிள்ளைத்தாச்சி மாதிரி வயிறு தள்ளி நடந்ததைப் பார்த்து ஊரே சிரித்தது. அந்த ஆறு பிழைத்து அறுபதானது.

அதன் பிறகு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தோட்டத்தில் நாற்று மேடையில் வேலை பார்த்தவள் இல்லையா? தேயிலை நாற்றில் தெம்பானதைப் பார்த்து எடுத்துத்தான் மலையில் நடுவார்கள். அதே புத்தி. மாதா மாதம் ஓட்டில் கொட்டி, நெற்றிக்கால் சின்னதாக இருப்பது எது, தட்டுத் தடுமாறாமல் நடப்பது எது என்று பார்த்துப் பொறுக்கிப் பத்து சோடி எடுத்தாள். வம்சம் தழைத்தது. பாட்டில் நிறைந்தது. அவளுக்கு உயிர் வந்தது.

எட்டு மாதம் போயிருக்கும். ஸ்டோரில் வந்து நின்றாள். "பாயி, ஈகளோட நெத்திக்காலு வரவர குட்டையாகிட்டே வருது. சிலதுக்கு மீசையே வந்துருச்சு. தொரைக்கு ஒரு கடுதாசி போடுங்க."

"போடுவோம் போடுவோம், போயி சோலியப் பாரு" என்றேன். போடவில்லை. டாக்டரிடம் எவன் வாங்கிக் கட்டிக்கொள்வது? அடுத்த மாதமும் வந்து கேட்டாள். அதற்கடுத்த மாதமும் கேட்டாள். ‘அவரே வரும்போது பார்த்துக்கொள்ளட்டும்’ என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்தக் கதையில் கெட்டவன் யார் யார் என்று எண்ணுகிறவர்கள் என்னையும் சேர்த்தே எண்ணுங்கள்.

எண்பத்து மூன்று பிப்ரவரியில் டாக்டர் வந்தார், ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியரை அழைத்துக்கொண்டு. தலைக்கால் ஈயைக் காட்டுவதற்காகத்தான் அவரைக் கடல் தாண்டி வரவழைத்திருந்தார். பங்களாவுக்கு வெள்ளையடித்திருந்தோம். பெருமாயி பாட்டிலை எடுத்து வந்தாள். ஈதர் காட்டி ஓட்டில் கொட்டினாள். பேராசிரியர் குனிந்து லென்ஸில் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நிமிர்ந்து டாக்டரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். ஓட்டில் கிடந்த நூறு ஈக்கும் நெற்றியில் அழகழகாக மீசை இருந்தது. ஒரு கால் கூட இல்லை.

பேராசிரியர் ஏரியில் படகு விடப் போனார். டாக்டர் கதவைச் சாத்தினார்.

"வெளி ஈயை உள்ள விட்டிருக்கே. பஞ்சைச் சரியா அடைக்கலை. காட்டு ஈ உள்ள பூந்து என் வம்சத்தையே அழிச்சிருச்சு."

"இல்லைங்க தொரை. வெளி ஈ ஒண்ணு கூட வரலை. இதுகளேதான் சரியாக்கிக்கிருச்சு."

"ஈ தானாச் சரியாக்கிக்குமா? சுவிட்ச் கெட்டது கெட்டதுதான்டி!"

பெருமாயி பயத்தில் நடுங்கிக்கொண்டேதான் பேசினாள், ஆனாலும் பேசினாள். "தோட்டத்துல ஒரு நாளைக்குக் வேலை வாங்குற கங்காணி வரலைன்னாலும் கொழுந்தெடுப்பு நிக்காதுங்க. பொம்பளைக நாங்களே ஒருத்தருக்கொருத்தர் கொரல் குடுத்து வரிசையா நெரை புடிச்சிருவோம். அது மாதிரி உள்ள இருக்குற மத்ததெல்லாம் சேந்து…"

"கங்காணியாம், நெரையாம்!" டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஜலீல், இவளுக்கு ஒரு டாக்டர் பட்டம் குடுத்துரலாமா?" நான் மறுபடியும் சிரித்துத் தொலைத்தேன். அவர் சிரித்தால் கூடவே சிரிக்கிற வாய் எனக்கு.

பேராசிரியரிடம் போன மானத்தை மீட்க ஒரு காகிதம் வேண்டியிருந்தது. டாக்டர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: ‘நான் கவனக்குறைவாகப் பாட்டில்களைத் திறந்து வைத்ததால் வெளி ஈக்கள் உள்ளே புகுந்துவிட்டன. இதற்கு நானே பொறுப்பு.’ பெருமாயி கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றாள். டாக்டர் குரலை இறக்கினார். "வேலை போனது போனதுதான். ஆனா இதுல கையெழுத்துப் போட்டா, ஒன் மக பெரிய பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் அந்த ரூம்லயே இருந்துக்கலாம். இல்லாட்டி இன்னிக்கே வெளிய."

மகள் என்றதும் பேனாவைக் கையில் வாங்கிவிட்டாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த கை. ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி, ‘மா. பெருமாயி’ என்று போட்டாள்.

மூன்றாம் நாள் கூப்பு லாரி வந்து வாசலில் நின்றது. டாக்டர்தான் குழந்தைவேலுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. இராசாத்தி பள்ளிக்கூடத்திலிருந்து யூனிஃபாரத்தோடு வந்தவள், அப்படியே லாரியில் ஏற்றப்பட்டாள். பதின்மூன்று வயது. பையை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தாள். பெருமாயி டாக்டர் காலில் விழுந்தாள். "தொரை, என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க, புள்ளைய மட்டும் விட்ருங்க. இவுங்க வீட்டுல கூட இருந்து படிச்சுக்கும்" என்று என்னைக் கை காட்டினாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் லாரி டயரைப் பார்த்தேன்.

அந்த ஈக்களை மண்ணெண்ணெயில் கொட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். புதிதாக வந்த ஞானவேல், பி.எஸ்ஸி. படித்த பையன், சோம்பேறி, கொட்டவில்லை. சாதாரண ஈ போலத்தானே இருக்கிறது என்று ஒரு மூலையில் வைத்து வளர்த்தான். எண்பத்தாறில் மாணவர்களுக்குப் பாடம் காட்டுவதற்காக, அதில் நான்கைந்தை எடுத்துக் காட்டில் பிடித்த ஈக்களோடு சேர்த்துவிட்டான். பிள்ளைகள் சாதாரணமாகப் பிறந்தன. பேரப் பிள்ளைகளில் கொஞ்சம், தலையில் காலோடு பிறந்தன.

டாக்டர் அன்றைக்கே மேலே ஏறி வந்தார். ஒரு வாரம் லென்ஸை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. பிறகு என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கவுஞ்சிக்கு விட்டார். வழியெல்லாம் பேச்சுதான்.

"ஜலீல், நாங்க நெனைச்சது மாதிரி அது ஒத்தைச் சுவிட்ச் இல்லைய்யா. நூறு சுவிட்ச், ஒண்ணுக்கொண்ணு வயர்ல பின்னிக் கெடக்கு. கெட்டது இன்னும் கெட்டுத்தான் இருக்கு. ஆனா மத்ததெல்லாம் தலைமுறை தலைமுறையாக் கொஞ்சம் கொஞ்சம் மாறி, அதோட வேலையைச் சேந்து தாங்கிப் பிடிச்சிருச்சு. காட்டு ஈயோட கலந்ததும் அந்தக் கூட்டு ஒடைஞ்சு, பழைய கோளாறு வெளிய வந்துருச்சு. உசிருங்க கோடி வருஷமா மாறி வந்ததே இப்படித்தான்யா! அந்தப் பொம்பளை நல்லதாப் பாத்துப் பொறுக்கிப் பொறுக்கி அதை ரெண்டே வருஷத்துல பண்ணிட்டா!"

‘இதைத்தான் சார் அவள் அன்றைக்கே சொன்னாள், கங்காணி, நிரை என்று’ என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அவருக்கு இப்போது ஒரே ஒரு முள். வெளி ஈ உள்ளே வரவே இல்லை என்றால்தான், ஒரு வம்சம் தன் கோளாறைத் தானே சரிக்கட்டிக்கொண்டது என்று ஆகும். வந்திருந்தால், சரிக்கட்டினது வெளியிலிருந்து வந்த சரக்கு என்று எவனும் தள்ளிவிடுவான். வெளி ஈ வந்தது என்று பெருமாயி கையெழுத்துப் போட்ட காகிதத்தையோ அவரே மொழிபெயர்த்து அந்த வெள்ளைக்காரருக்கு அனுப்பியிருந்தார். அவள் இப்போது மாற்றி எழுதித் தர வேண்டும்.

கவுஞ்சியில் ஜீப்பை விட்டு ஒரு மணி நேரம் நடந்தோம். பெருமாயி பட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கறுப்புக் கறை. வலது ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது, அரிவாள் கொண்டு போயிருக்கிறது. டாக்டரைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. என்னிடம்தான், "பாயி, நஜீமாக்கா சொகமா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

டாக்டர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "பெருமாயி, ஒன் மேல தப்பே இல்லை. வெளி ஈ வரலை. நீ சொன்னதுதான் சரி."

"அப்ப அந்த ஈக சாகலையா தொரை?"

"உசிரோட இருக்கு. பாட்டில் பாட்டிலா இருக்கு."

அவள் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

டாக்டர் காகிதத்தை எடுத்தார். "இதுல ஒரு கையெழுத்துப் போடு. அன்னிக்கி வெளி ஈ வரவே இல்லைன்னு. போட்டா ஒனக்கு மறுபடியும் வேலை தர்றேன், அதே ரூம் தர்றேன். இராசாத்தியை நானே கூட்டிட்டுப் போயிப் பள்ளிக்கூடத்துல சேக்குறேன்."

பெருமாயி திரும்பி, குடிசைப் பக்கம் குரல் கொடுத்தாள். "ஏ இராசாத்தி, இங்கிட்டு வா. தொரை ஒன்னையப் பள்ளிக்கூடத்துல சேக்குறாராம்."

இராசாத்தி வெளியே வந்தாள். பதினாறு வயது. இடுப்பில் ஒரு கைப்பிள்ளை, மூக்கொழுகிக்கொண்டு. குழந்தைவேலின் அண்ணன் மகனுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைத்திருந்தார்கள். கட்டிவைத்தார்கள் என்ன, எடுத்துக்கொண்டார்கள். கன்னத்தில் ஆறாத காயம். பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கேலியே இல்லாமல், நிஜமாகவே கேட்டாள்: "எத்தனாவதுல சேப்பீங்க சார்?"

டாக்டர் பேனாவின் மூடியைத் திருகித் திருகிப் பார்த்தார்.

"வெளி ஈ வந்துச்சு தொரை" என்றாள் பெருமாயி.

"என்ன?"

"நாந்தான் விட்டேன். தெனமும் பஞ்சைத் தெறந்து வச்சு, காட்டு ஈயைக் கூப்புட்டு உள்ள விட்டேன். அன்னிக்கி ஒங்ககிட்ட மறைச்சுட்டேன். இப்பச் சொல்றேன்."

"பொய் சொல்றடி! இப்ப எதுக்குப் பொய் சொல்றே?"

"பொய்யின்னா கையெழுத்துப் போடுவேனா? எழுதி வச்சிருக்கீங்கள்ல, அதுதான் நெசம். எந்தச் சீமைக்காரன் வந்து கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன்." அவள் அரிவாளை எடுத்து அடுத்த மரத்துக்கு நகர்ந்தாள். டாக்டர் கெஞ்சினார். கத்தினார். அவள் உரித்துக்கொண்டே இருந்தாள். எனக்குள்ளே, ‘அடி சக்கை, கொடுத்தாளே!’ என்று ஒரு சந்தோஷம் பொங்கியது. கைதட்டாத குறைதான்.

திரும்பும் வழியில் குழந்தைவேல் டீயோடு நின்றான். டாக்டர் டீயை வாங்கவில்லை. "அந்தப் பொம்பளைக்குத் திமிரு ஏறிக் கெடக்கு" என்று மட்டும் சொன்னார். "நான் பாத்துக்கிறேன் சார்" என்றான் குழந்தைவேல். அவன் எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இருவரும் ஜீப்பில் ஏறினோம்.

மறுநாள் காலை டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "ஜலீல், எண்பத்தொண்ணுல இருந்து எண்பத்து மூணு வரைக்கும் பாட்டில் ரூம் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்டத்தான் சார்."

"அப்ப வெளி ஈ வரலைன்னு நீ சான்று குடுக்கலாம். பழைய காகிதம் பயத்துல எழுதிக் குடுத்ததுன்னும் சேத்து எழுது. அதை எழுதினதே நீதான? மாட்டேன்னா, சாவி வச்சிருந்தவன் காவல் காக்கலைன்னு ஆயிரும். அப்பறம் ஒன் வேலைக்கு நான் பொறுப்பில்லை."

மூன்று பெண்பிள்ளைகள் எனக்கு. இரண்டு பள்ளிக்கூடத்தில். ஆனால் அதைச் சாக்காகச் சொல்லக் கூட நாக்கூசுகிறது. அந்த மனுஷி தன்னிடம் மிச்சமிருந்த ஒரே ஒன்றை வைத்து அவரை அடித்திருந்தாள். அதற்காக அன்றைக்கு அவள் என்ன அடி வாங்கிக்கொண்டிருந்தாளோ! நான் பேனாவை வாங்கி, அவள் அடித்த அடியை அழித்தேன். முதல் காகிதத்தில் நான் எழுதியது பொய், இரண்டாவதில் எழுதியது உண்மை. இரண்டும் அவள் கழுத்தில்தான் இறங்கின.

அடுத்த வருஷம் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. டாக்டருக்கு மாலை, பாராட்டு, பதவி எல்லாம் வந்தன. எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார். வீட்டில் கொண்டுவந்து மேஜையில் போட்டேன். இங்கிலீஷ் தெரியாத நஜீமா பக்கம் பக்கமாகப் புரட்டி, ஈயின் தலைப் படத்தைப் பார்த்து, "இது நம்ம பெருமாயி ஈதான?" என்றாள். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, "இந்த எடத்துல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"கூட ஒழைச்சவுங்களுக்கு நன்றின்னு போட்டிருக்கு."

"பெருமாயி பேரு எங்க? காட்டுங்க, பாக்குறேன்."

"அவ பேரு இல்லை நஜீமா. என் பேரு இருக்கு."